மாமா தண்ணீரில் விழுந்த பிறகு வரும் காட்சி

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னவளாகிவிடுவேன். உன் அப்பாவுக்கு முட்டி வலி. மாடிப்படி ஏறும்போது முருகனைக் கூப்பிடுகிறார், இறங்கும்போது என்னைக் கூப்பிடுகிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் மேல் கோபம் மட்டும் இருக்கிறது. போனில் பேசினால் "ம்மா, மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேஜையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலம் முழுக்க ஊரார் சொன்னதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன பிறகு நானாகச் சொல்ல நினைத்து உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சிதம்பரம் போய் உன் கல்யாணத்துக்கு மண்டபத்தைப் பார்த்துவிட்டு, கீழவீதிக்குப் பக்கத்தில் அகிலா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தோம். அவர்கள் வீட்டுக் கத்தரிக்காய் கொத்சு பிரமாதம், இனி உனக்கு என் சமையல் எங்கே பிடிக்கப்போகிறது என்று கிண்டல் செய்யத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ என் கிண்டலைக் காதிலேயே வாங்கவில்லை.

"ம்மா, ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது."

"கோவப்படற மாதிரி இருந்தா கோவப்படுவேன். சொல்லு."

"பட்டம் கட்டறதுக்கு மங்கலம்பேட்டை மாமாவ கூப்புடலாமா? ஏழுமல மாமா வேணாம்மா. எங்க ஆபீஸ்ல பாதி பேரு வராங்க. மாமா மேடைல ஏறுன ஒடனே எல்லாரும் போன எடுத்துருவாங்க. சிரிப்பானுங்க. அகிலா வூட்ல என்னா நெனப்பாங்க?"

மாப்பிள்ளை நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டி மாலை போட்ட பிறகுதான் அவன் மணவறைக்குப் போகலாம் என்பது உனக்குத் தெரியாதா? என் கூடப் பிறந்த தம்பி கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது, எப்போதோ ஒரு பொங்கலுக்கு வந்துபோகிற ஒன்றுவிட்ட அண்ணனைக் கூப்பிட்டு உனக்குப் பட்டம் கட்டச் சொல்கிறாய். எதற்குச் சிரிப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு துண்டு வீடியோ அனுப்புகிறேன், பார் என்று போனை வைத்துவிட்டாய்.

நீ அனுப்பிய அந்தத் துண்டு வீடியோவை அப்பாவின் போனில் பார்த்தேன். பழைய படம் ஒன்றில் துறைமுகத்து மேடையில் உன் மாமா நிற்கிறான். முறுக்கிய மீசை, கழுத்தில் கைக்குட்டை. ஒரு புருவத்தைத் தூக்கி, "யாரு எடத்துல வந்து யாருகிட்ட பேசற?" என்கிறான். பேசி வாய் மூடுவதற்குள் கதாநாயகன் ஓர் அடி கொடுக்கிறான். உன் மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாக்கத் தண்ணீரில் போய் விழுகிறான். அவ்வளவுதான். திரும்ப ஆரம்பத்திலிருந்து புருவத்தைத் தூக்குகிறான், திரும்ப விழுகிறான். கிரிக்கெட்டில் தோற்றவனுக்கு அதை அனுப்புகிறார்களாம், பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கு அனுப்புகிறார்களாம். கரண்ட் பில் வந்த வீட்டுக்காரர் என்று எழுதி யாரோ போட்டதைப் பார்த்து, என் தம்பி என்பதையும் மறந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்கவில்லை. ஆனால் அது ஒரு முழுப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. அந்தப் படத்தைப் பற்றித்தான் இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உடனே போனில் தேடப் போய்விடுவாய், கடிதம் இங்கேயே நின்றுவிடும்.

நீ பிறந்த வருஷம் எடுத்த படம் அது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஷூட்டிங் நடந்தது. கதை பெரிய கதை இல்லை. அண்ணனின் லாஞ்சுப் படகைப் பிடுங்கி வைத்திருக்கிற ஒரு கடத்தல்காரனிடமிருந்து தம்பியான கதாநாயகன் அதை மீட்க வேண்டும். கடத்தல்காரனின் அடியாட்களாக நிற்க உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றார்கள். வாட்டசாட்டமாக இருந்தான் என்று உன் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்த சண்டை ஆட்கள் மேடை உயரத்தைப் பார்த்துத் தயங்கினார்களாம். இவன் மல்லாக்க விழுந்து காட்டினான். அது நமக்கு என்ன பெரிய வித்தையா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் விழுந்துகொண்டிருந்தான். உடனே ஒரு வசனமும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் குழம்பு கேட்பதுகூட அந்த வசனத்தின் குரலில்தான். "யாரு எடத்துல வந்து யாருகிட்ட மீன் கொழம்பு இல்லங்கற?" என்பான். நீ தொட்டிலில் கிடந்து அதைக் கேட்டுச் சிரிப்பாய்.

விழுகிற காட்சி எடுப்பதற்கு முன்னால் டைரக்டரிடம் இவன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்.

"சார், நான் தண்ணில வுழுந்தப்பறம் என்னா ஆவறேன்?"

"என்ன ஆவறே? விழுந்துட்டே. அடுத்த ஆளு வருவான். அவ்வளவுதான்."

"அப்ப ஹீரோ என்னா பண்ணுவாரு?"

"அடுத்த ஆள அடிப்பாரு."

"நான் அடிபட்டு மயக்கமா வுழுவறேன், அவரு லாஞ்சு ஓட்டற ஆளுன்னு சொல்றீங்க. தண்ணில கெடக்கறவன வுட்டுட்டுப் போறவன எங்க ஊர்ல ஹீரோன்னு சொல்ல மாட்டாங்க சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். டைரக்டர் சிரிக்கவில்லை. போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து, கதாநாயகனும் குதித்து அவனைத் தூக்க வேண்டும் என்று காட்சியை மாற்றினார். உனக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நம் ஆட்களுக்கு இது வேடிக்கை இல்லை. வலைத் தகராறில் பக்கத்து ஊர்க்காரனோடு மண்டை உடைகிற அளவுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தாலும், அவன் படகு கவிழ்ந்தால் முதலில் ஆளைத் தூக்குவார்கள், பிறகு கரைக்கு வந்து மிச்சச் சண்டையைப் போடுவார்கள். இதற்கு ஊர்க்கூட்டம் போட்டு யாரும் தீர்மானம் எழுதியதில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். எனக்குச் சண்டைப் படம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். மற்ற அம்மாக்கள் மூக்கைச் சிந்துகிற படத்துக்குப் போகும்போது நான் உன்னைச் சண்டைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன். அதற்குக் காரணம் என் வேலை. நாள் முழுக்க அடிதடி வழக்கில் சாட்சி சொல்வதைக் கேட்டு அடித்துக்கொண்டிருப்பேன். நிஜச் சண்டையில் யாரும் பறப்பதில்லை. "அவரு என்ன காதோட சேத்து அறைஞ்சாரு, நான் கீழ வுழுந்தேன், எஞ் செருப்பு அறுந்துபோச்சு" என்பார்கள். முதுகில் வெட்டுப்பட்டவன்கூடச் செருப்பைப் பற்றிச் சொல்லாமல் கூண்டைவிட்டு இறங்க மாட்டான். அதையெல்லாம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் சினிமாவில் ஒருத்தன் பத்துப் பேரைப் பறக்கவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு லேசாகிவிடும். சட்டமாவது, சாட்சியாவது என்று கை தட்டுவேன்.

ஆனால் இந்தப் படத்தில் கதாநாயகன் செருப்பைத் தேடினான். நிஜமாகத்தான் சொல்கிறேன். துறைமுகச் சண்டை முடிந்து அத்தனை பேரும் விழுந்து கிடக்கிறார்கள். வேறு படமாக இருந்தால் அங்கே காற்றில் தலைமுடி பறக்கும், பாட்டு வரும். இவன் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் செருப்போடு, இன்னொன்றைக் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் குனிந்து தேடுகிறான். கோர்ட்டில் நான் அடித்த அத்தனை சாட்சியும் ஒன்றாக எழுந்து திரைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு. அடித்த பிறகு தன் கை வலித்து உதறுகிற கதாநாயகனை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஈரப் பலகையில் கால் வைக்கும்போது குனிந்து பார்த்து வைப்பான். ஓர் அடி விழுந்தால் அந்த ஆள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மாட்டான். சத்தமும் வழக்கமான சினிமாச் சத்தம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான். இப்போது நீ பார்க்கிற படங்களில் அடிப்பவன் முகம் ஒன்று, கை ஒன்று, கார் ஒன்று என்று வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். யார் யாரை அடித்தார் என்று கேட்டால் பெருமாளுக்கே தெரியாது. அந்தப் பழைய படத்தில் கேமரா தள்ளி நின்று ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்கும், தெருச் சண்டையை எதிர்வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரி.

படம் ஓடவில்லை. ஜனங்களுக்குக் கதாநாயகன் களைத்துப்போவது பிடிக்கவில்லை. காமெடி இல்லை, பாட்டும் சுமார்தான். அடித்தவனையே தண்ணீரில் குதித்துத் தூக்குகிறானே, பைத்தியமா என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அந்த இடம்தான். அதற்கு என் தம்பி காரணம் என்பதால் மட்டும் பிடிக்கவில்லை. கோபம் இருக்கலாம், அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவும் வேண்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எதிராளி மூச்சுவிடுகிறானா என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கிறவன்தான் எனக்கு ஆண்பிள்ளை. நீயும் அகிலாவும் சண்டை போடுவீர்கள். போடாமல் யாரும் குடும்பம் நடத்தியதில்லை. சொல்லால் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகாதே. அவள் எங்கே விழுந்தாள் என்று பார். இதைச் சொல்லத்தான் பெரிய பெரிய நீதி நூல் எல்லாம் இருக்கிறது, எனக்கு ஓடாத சண்டைப் படம் ஒன்று போதுமானதாக இருந்தது.

படம் கடலூருக்கு வந்த முதல் நாள் மேட்னிக்கு நம் ஊரே கிளம்பியது. நம்ம ஏழுமலை வருகிறான் என்று மாலையும் கையுமாகப் போனார்கள். ஆண்கள் எல்லாம் முன்பக்கம். நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். பாதிப் படம் வரைக்கும் அழுது தீர்த்துவிட்டு அப்போதுதான் நீ கண் அசந்திருந்தாய். மாமா திரையில் வந்தான். விசில் என்றால் அப்படி ஒரு விசில். புருவத்தைத் தூக்கினான், வசனம் பேசினான், அடி வாங்கினான், விழுந்தான். பிறகு உன் அப்பா எழுந்தார்.

"டேய்! எம் மச்சான அடிக்கிறியா நீ?"

செருப்பு திரையில் போய் விழுந்தது. உன் அப்பாவைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். நம்ம ஊர் ஆளை எவனோ ஒரு நோஞ்சான் ஒரே அடியில் தள்ளுவதா என்று ஒரே கூச்சல். தியேட்டர் ஆட்கள் ஓடி வந்தார்கள். தள்ளுமுள்ளு. "இந்தப் படத்த எவன் பாப்பான்? எழுந்திரிங்கடா எல்லாரும்!" என்று யாரோ கத்த, ஊர் மொத்தமும் வெளியே போய்விட்டது. பெண்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. எழுந்தால் நீ விழித்துக்கொள்வாய், விழித்தால் இன்னொரு மணி நேரம் அழுவாய் என்ற பயம்தான். அதனால் மாமா விழுந்த பிறகு வருகிற காட்சியை நம் ஊரில் பார்த்தது நாம் இரண்டு பேர். அதிலும் நீ தூங்கிவிட்டாய்.

ஊரில் கூட்டம் கூடியது. காசு வாங்கிக்கொண்டு நாலு ஊர் பார்க்க அடி வாங்கியது ஊருக்கே அவமானம் என்றார்கள். "அது நடிப்புங்க" என்று மாமா சொன்னதை யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலிருந்து ஒருத்தரும் அந்தப் படத்துக்குப் போகக் கூடாது என்று முடிவானது. பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வருஷம் மாசி மகத்துக்குச் சாமி தூக்குகிறவர்களில் மாமாவைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தோள் கொடுத்தவன். சாமி தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போனபோது இவன் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து வந்தான். அதைப் பார்த்து நான் அழுதேன். அடுத்தடுத்த வருஷங்களில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பட்டப்பெயர் போகவில்லை. அடிவாங்கி. நீயே சின்ன வயதில் அர்த்தம் தெரியாமல் "அடிவாங்கி மாமா" என்று கூப்பிட்டிருக்கிறாய். அவன் உன்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, "என்னாடா மாப்ள?" என்று கேட்டிருக்கிறான்.

உன் அப்பாவைத் தப்பாக நினைக்காதே. மச்சான் மேல் இருந்த பாசத்தில் செய்த காரியம். பாசத்தில் எழுந்தவர்தான் ஊரையே கூட்டிக்கொண்டு போனார். இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும். சாட்சியின் முதல் விசாரணையை மட்டும் அடித்துவிட்டுக் குறுக்கு விசாரணையை விட்டுவிட்டால் அந்தக் காகிதத்தை எந்த நீதிபதியும் தொட மாட்டார். அன்றைக்கு ஊர் செய்தது அதுதான். இன்றைக்கு அந்தத் துண்டு வீடியோவை வெட்டியவன் செய்ததும் அதேதான், சரியாக அதே இடத்தில் வெட்டியிருக்கிறான். அவன் யாரோ, விவரம் தெரியாதவன். அதை நம்பி உன் கல்யாணத்தில் யார் மேடை ஏறுவது என்று நீ தீர்மானிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை மாமா நம் வீட்டுக்கு வந்தான். கையில் உனக்குப் பிடித்த வஞ்சிரம். நீ ஊரில் இல்லை என்று தெரிந்தே கொண்டுவருகிறவன் அவன் ஒருத்தன்தான். அப்பாவிடம் முட்டி வலிக்குத் தைலம் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தான்.

"அக்கா, பட்டத்த மங்கலம்பேட்டையாரு கட்டட்டும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். "யாரு உங்கிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் போன் இருக்குதுக்கா. ஹார்பர்ல பசங்க டெய்லி காட்டறானுங்க. மாப்ள கூட வேல செய்யறவங்கல்லாம் வருவாங்க. அவன் மூஞ்சி சுருங்கக் கூடாது. எனக்குப் பந்தி பாக்கற வேலைய குடு. சிதம்பரத்துக்காரங்க நம்ம சாப்பாட்டப் பத்தி ஒரு கொற சொல்லக் கூடாது, நான் பாத்துக்கறேன்."

"நீ தாய்மாமன்டா."

"பந்தில நின்னா மட்டும் நான் மாமன் இல்லன்னு ஆயிடுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போகும்போது வாசலில் நின்று, பட்டத்தைச் சிதம்பரத்தில் வாங்காதே, கடலூரில் நன்றாகச் செய்வார்கள் என்று கடையையும் சொல்லிவிட்டுப் போனான். நீ என்னிடம் கேட்க அவ்வளவு தயங்கியதை அவன் நீ கேட்காமலேயே கொடுத்துவிட்டான். அன்றைக்கு அந்த வஞ்சிரத்தை என்னால் சாப்பிட முடியவில்லை.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு தியேட்டரில், ஊரெல்லாம் வெளியே போய்க் கத்திக்கொண்டிருக்க, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதாநாயகன் குதிக்கிறான். மயங்கிக் கிடக்கிற மாமாவின் கழுத்துக்கடியில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி வருகிறான். கேமரா வழக்கம்போல் தள்ளி நிற்கிறது. எனக்கு ஏதோ உறுத்தியது. கடற்கரையில் பிறந்தவளுக்கு யார் நீந்துகிறார், யார் சும்மா மிதக்கிறார் என்று தெரியாதா? கதாநாயகனின் தோள் அசையவில்லை. முகத்தில் தெரிந்த பயம் நடிப்பு இல்லை. பக்கத்தில் எங்கோ ஒரு லாஞ்சு போயிருக்க வேண்டும், ஓர் அலை வந்து இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது. அப்போது கதாநாயகனின் சட்டை மேலே ஏறியது. இடுப்புப் பெல்ட்டை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. கோயிலில் மந்திரித்து நான் கட்டிவிட்ட கயிறு.

தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, மயங்கிக் கிடந்தவன் கை அது. தண்ணீருக்கு அடியில் கால் அடித்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். தூக்கிக்கொண்டு வருகிறவனைத் தூக்கப்படுகிறவன் தூக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் கோர்ட்டில் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்துக்கு ஓடிப்போய் மாமாவிடம் கேட்டேன். ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவன் சுற்றிலும் பார்த்தான்.

"பாத்துட்டியா? வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"எல்லாந்தான் வெளிய போயிட்டாங்களே. அவருக்கு நீச்சல் தெரியாதாடா?"

"தெரியும்னு சொல்லித்தான் படத்துல சேந்துருக்காரு. மொத தடவையா ஹீரோ வேஷம். தெரியாதுன்னு சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு பயம். குதிச்ச ஒடனே வெறச்சுப்போயிட்டாருக்கா. நான் மயக்கமா நடிக்கறதா, அவரப் புடிக்கறதான்னு தெரியல. ரெண்டையும் செஞ்சேன்."

"இத ஊர்ல சொல்லுடா! ஒன்ன என்னா பேச்சு பேசறாங்க!"

"வேணாம். எங்கிட்ட கையப் புடிச்சி, அண்ணே, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. சரின்னுட்டேன். அதுவும் இல்லாம, எழுதி வெச்சிருந்த கதைல அவரு குதிக்கவே வேணாம். நான் வாயத் தொறந்து கேக்கப்போயித்தான அவரு தண்ணில எறங்குனாரு?"

அதோடு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடிவாங்கி என்ற பெயர் அன்றைக்கே போயிருக்கும், அந்த வருஷ மாசி மகத்துக்கே சாமிக்குத் தோள் கொடுத்திருப்பான். சொல்லவில்லை. அந்த நடிகர் பிறகு ஒன்றிரண்டு படத்தில் வந்தார், சீரியலில் அப்பாவாக வந்தார், அப்புறம் ஆளைக் காணோம். போன வருஷம் அவர் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மாமா கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்ட உன் அப்பாவிடம் வயிறு சரியில்லை என்றான். வாக்குக் கொடுத்தவன் அவன். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் இதை உனக்கு எழுதுவதில் என் மேல் குற்றம் ஒன்றும் கிடையாது. உன் அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்த முட்டியை வைத்துக்கொண்டு மச்சான் வீடு வரைக்கும் ஓடிவிடுவார்.

உன் ஆபீஸ் ஆட்கள் சிரிப்பார்களா என்று கேட்டாய். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி மாமாவைப் பெரிய ஆளாக்கி மேடையில் ஏற்ற வேண்டாம். அவன் காப்பாற்றியதை நீ உடைக்க வேண்டியதில்லை. கதை தெரியாமலேயே அவர்கள் சிரிக்கட்டும், நீ தலை நிமிர்ந்து நில். உனக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்தாய். நீ திமிறிய திமிறலில் ஆசாரியே பின்வாங்கினார். மாமா ஒரு கையால் உன் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உன் வாயருகே நீட்டி, "கடிச்சிக்கடா மாப்ள" என்றான். நீயும் கடித்தாய். அந்தப் பல் தடம் ஆற ஒரு வாரம் ஆனது. பெல்ட்டைப் பிடித்த அதே கைதான்.

முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதை மாப்பிள்ளையே வைக்க வேண்டும். தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பத்திரிகை போகாமல் வேறு யாருக்கும், அகிலா வீட்டுச் சொந்தங்களுக்கும்கூட, நான் பத்திரிகை வைக்கப்போவதில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி வா. யாரோ புண்ணியவான் முழுப் படத்தையும் நெட்டில் போட்டிருக்கிறான். பிரிண்ட் மங்கல்தான், கயிறு சிவப்பு என்றுகூடத் தெரியாது, கை தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கை உன் நெற்றிக்கு வரலாமா கூடாதா என்று நீயே சொல். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மாமா விழுகிற இடம் வரும். எழுந்து போய்விடாதே. இந்தத் தடவை தூங்கியும் போகாதே.

உன் அம்மா